மதிலைத் தாண்டும் மழை

கொஞ்சம் பார்லி நனைந்தது, மாவு நனைந்தது, எண்ணெய்ச் சாடி ஒன்று கவிழ்ந்தது. அந்த எண்ணெய்க்கும் சேதமில்லை. இழப்பு இவ்வளவுதான் என்கிறார் பிரதிவாதி. வழக்குத் தொகையோ ஆயிரம் திராக்மா. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகர நீதிமன்றம் வரை போன இந்தச் சண்டை, அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் இருவருடையது. மலைச்சரிவு, நடுவே ஒரு சாலை, சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிலம், அந்தப் பக்கம் ஒரு நிலம். பெருமழையில் மலைவெள்ளம் அந்தச் சாலை வழியாக இறங்கும். பிரதிவாதியின் தகப்பனார் தன் நிலத்துக்குள் வெள்ளம் புகாமலிருக்க மதில் எழுப்பினார். அவர் இறந்துபோய், பல ஆண்டுகள் கழித்துப் பெய்த ஒரு மழையில், எதிர்ப் பக்கத்துக் காலிக்ளிஸ் என்பவரின் நிலத்தில் வெள்ளம் ஏறியது. மதில்தான் காரணம் என்று அவர் மகன்மேல் வழக்குப் போட்டார்.

மகனுக்காகப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் எழுதித்தந்த வாதம் இன்றும் கிடைக்கிறது. படித்தால் நம் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். சாலையில் குப்பையைக் கொட்டி மேடாக்கியது வாதி வீட்டார்தான். தங்கள் மதிலைச் சாலைக்குள் தள்ளிக் கட்டி வழியைக் குறுக்கியதும் அவர்கள்தான். இரண்டு வீட்டுத் தாய்மார்களும் போக்குவரத்தாக இருந்த சிநேகிதிகள். நனைந்த தானியம் காய்ந்துகொண்டிருந்ததைப் பிரதிவாதியின் தாய் நேரில் பார்த்திருக்கிறார். இத்தனையும் சொல்லிவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்கிறார். மழைத்தண்ணீரைச் சாலையிலும் விடக்கூடாது, அடுத்தவர் நிலத்திலும் விடக்கூடாது என்றால் அதை எங்கே கொண்டுபோவது, குடித்தா தீர்ப்பது?

அந்தக் கேள்வி தென்சென்னையின் தெருக்களில் ஒவ்வொரு ஐப்பசியிலும் திரும்ப எழுகிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கம் இது பழகிப்போன காட்சி. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய காலி மனை விலை போகும். சுற்றிலும் தகரம் அடிப்பார்கள். லாரி லாரியாகக் கிராவலும் கட்டட இடிபாடும் வந்து விழ, மனை சாலையைவிட மூன்று நான்கு அடி உயர்ந்து நிற்கும். மதில் எழும். கடைகளும் அலுவலகங்களும் கொண்ட வளாகம் எழும். வண்டி நிறுத்துமிடம் முழுக்க பேவர் பிளாக் பதிக்கப்படும். புல் முளைக்க ஓர் அடி மண்கூட மிஞ்சாது. முதல் பெருமழையில், இருபது ஆண்டுகளாகத் தண்ணீர் ஏறாத பக்கத்து வீட்டுத் திண்ணையில் தண்ணீர் ஏறும்.

முறையிடப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் பதில்களும் பழகிப்போனவை. “மழை பெஞ்சா தண்ணி வரத்தான் செய்யும், அதுக்கு நாங்க என்ன பண்றது?” “பிளான் அப்ரூவல் வாங்கித்தான் கட்டியிருக்கோம்.” “இந்த ஒரு கட்டடத்தாலயா ஏரியாவே முழுகுது?” பேச்சுவாக்கில் வரும் இந்தப் பதில்களுக்குள் மூன்று பழைய தத்துவச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, தெய்வத்தின் செயலும் மனிதனின் செயலும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பது. இன்னொன்று, அனுமதி பெற்ற செயலுக்குப் பாவம் உண்டா என்பது. மூன்றாவது, பலர் கூடிச் செய்த தீங்கில் ஒருவரின் பங்கு எவ்வளவு என்பது. இவற்றை நேர்மையாக எதிர்கொள்ளாமல் எத்தனை கோடிக்கு வடிகால் கட்டினாலும் சண்டை தீராது.

சிந்தனைக்குள் போகுமுன் ஒரு கணக்கு. ஓர் ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். புல்லும் செடியுமாகக் கிடந்த மண், மழையின் தொடக்கத்தில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு வெளியே ஓடினால் அது 80,000 லிட்டர். அதே ஏக்கரை கான்கிரீட்டாலும் கூரையாலும் மூடிவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு ஓடும். 3 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். கூடுதலாகச் சேர்ந்தது 2 லட்சத்து 80 ஆயிரம். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 23 லாரிக்கு மேல். அளவைக் காட்டிலும் வேகம் பெரிய தொல்லை. மண்ணில் தவழ்ந்து பல மணி நேரத்தில் வந்த தண்ணீர், வழவழப்பான தளத்தில் சில நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டியது, முன்பு வந்த மழை அல்ல.

இந்தக் கூடுதல் 23 லாரித் தண்ணீர் யாருடையது? மழையைக் கொடுத்தது இயற்கை, அல்லது இறைவன். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. மழைக்கு அவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்த மொழி இது. ஆனால் கூடுதலான அந்த 23 லாரியை மேகம் அனுப்பவில்லை. மேகம் அனுப்பியது பழைய அளவுதான். மண் குடித்திருக்க வேண்டியதைக் குடிக்கவிடாமல் தடுத்தது தளம். தளத்தைப் போட்டது மனிதர்.

ரோமானியச் சட்டம் இந்த வேறுபாட்டை மிகப் பழங்காலத்திலேயே பிடித்துவிட்டது. மழைத்தண்ணீரைத் தடுக்கக் கோரும் வழக்குக்கென்று தனி வழிமுறையே அவர்களின் பன்னிரு பலகைச் சட்டம் வந்த காலத்திலிருந்து இருந்தது. மேட்டு நிலத்திலிருந்து இயல்பாகத் தண்ணீர் வந்தால் பள்ளத்து நிலக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும், வழக்கே இல்லை. மனிதக் கை பட்ட ஒரு வேலை அந்த ஓட்டத்தை மாற்றியிருந்தால்தான் வழக்கு. அதிலும் ஒரு விலக்கு உண்டு: பயிர் செய்வதற்காக உழுததால் ஓட்டம் மாறியிருந்தால் உழவர் குற்றவாளி இல்லை. 1804இல் வந்த பிரெஞ்சுக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 640ஆம் பிரிவு இதையே இரு பக்கமும் கட்டிவைத்தது. பள்ளத்தில் இருப்பவர் தண்ணீரைத் தடுத்து அணை போடக்கூடாது. மேட்டில் இருப்பவர் பள்ளத்தில் இருப்பவரின் சுமையைக் கூட்டும் எதையும் செய்யக்கூடாது.

இங்கே கட்டட உரிமையாளர் ஒருவர் கேட்கலாம்: எவ்வளவு பெரிய மழை என்று யாருக்கு முன்கூட்டித் தெரியும்? 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அன்று காலி மனையாக இருந்திருந்தாலும் மண் அதைக் குடித்திருக்காது. நியாயமான கேள்வி. ஆங்கிலச் சட்டம் இத்தகைய நிகழ்வைக் ‘கடவுளின் செயல்’ என்றே அழைத்தது. செஷயர் பகுதியில் ஒருவர் ஓடையை மறித்து அழகுக்காக ஏரிகள் அமைத்திருந்தார். கண்டிராத மழையில் கரை உடைந்து கீழே இருந்த பாலங்களை அடித்துப் போனது. 1876இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கடவுளின் செயல் என்று கூறி அவரை விடுவித்தது.

நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்திலிருந்து இன்னொரு வழக்கு பிரபுக்கள் அவைக்கு வந்தது. கிரீனாக் நகராட்சி ஒரு பூங்காவில் ஓடையின் போக்கை மாற்றி, அதன் படுகையிலேயே குழந்தைகள் கால் நனைத்து விளையாட கான்கிரீட் குளம் கட்டியிருந்தது. பெருமழையில், பழைய ஓடை வழியே போயிருக்க வேண்டிய வெள்ளம் தெருவில் பாய்ந்து ரயில்வேயின் சொத்தைச் சேதப்படுத்தியது. நோக்கம் எவ்வளவு நல்லது! குழந்தைகளுக்கான குளம். லாபம் தேடிய தனியார் யாரும் இல்லை. ஆனாலும் 1917இல் பிரபுக்கள் அவை நகராட்சியைப் பொறுப்பாக்கியது. இயற்கையான ஓட்டத்தை மாற்றுகிறவர், இயற்கை செய்துகொண்டிருந்த வேலையைக் குறைவின்றித் தானே செய்துகொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஓடையைத் தொட்ட பிறகு, மழை அபூர்வமானது என்று கைகழுவ முடியாது.

இந்தக் கட்டுரையின் நிலைப்பாடும் அதுதான். 49 சென்டிமீட்டர் மழைக்குத் தயாராக இருக்கும்படி யாரையும் கேட்க முடியாது. ஆனால் சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 140 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டிவிடும். ஒரே நாளில் 8, 10 சென்டிமீட்டர் என்பது ஊர் அறிந்த மழை. அது வீட்டுக்குள் வந்தால் கடவுளை இழுக்க வேண்டியதில்லை.

“தண்ணி தன் வழியை மறக்காது” என்று வெள்ளத்துக்குப் பின் சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. ஏரியை அழித்தவனைத் தண்ணீர் தேடிவந்து பழிவாங்கும் என்ற தொனி அதில் உண்டு. சொல்கிறவர்களின் ஆதங்கம் உண்மையானது. ஆனால் அந்தப் பேச்சில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தண்ணீருக்கு மனத்தைக் கொடுத்துவிட்டால் மனிதரின் மனம் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. தண்ணீர் பழி எடுக்க வந்தால் முதலில் அழித்தவர் வீட்டுக்கல்லவா போக வேண்டும்? அது போவதில்லை. மூன்றடி உயர்த்திக் கட்டியவர் வீட்டுக்குள் போகாமல், உயர்த்தக் காசில்லாதவர் வீட்டுக்குள் போகிறது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டப்பட்டிருந்த ஆழமான பள்ளத்தின் ஓரம் சரிந்தது. ஒட்டியிருந்த எரிபொருள் நிலையத்தின் ஒரு பகுதியும் உள்ளே போனது. தொழிலாளர்கள் இருவர் இறந்துபோனார்கள். புயல் கடலிலிருந்து வந்தது, பள்ளம் வரவில்லை.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டைக் கெடுக்க வேண்டும் என்று எந்த முதலாளியும் கட்டடம் கட்டுவதில்லை. இந்தச் சிக்கலில் இந்தியச் சமயங்கள் இரண்டு நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் காட்சி விரிகிறது. நாளந்தாவின் மாந்தோப்பில் சமண இல்லறத்தான் உபாலி புத்தரிடம் வாதிட வருகிறார். உடலால் செய்யும் தீங்குதான் கனமானது என்பது அவர் கட்சி. மனத்தால் செய்வதுதான் கனமானது என்பது புத்தர் கட்சி. நோன்பில் உறுதியான சமணத் துறவி நடக்கும்போது காலடியில் சிற்றுயிர்கள் சாகின்றனவே, அவருக்கு என்ன பாவம் என்று புத்தர் கேட்கிறார். நினைத்துச் செய்யாததால் பெரிய பாவமில்லை என்று உபாலி சொல்ல, அங்கேயே அவர் வாதம் சரிகிறது.

ஆனால் இது பௌத்தர்கள் சொன்ன கதை. சமணர்களின் சொந்த வாக்குமூலம் இன்னும் நுட்பமானது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை இலக்கணப்படுத்தும்போது அங்கே வெறுப்பும் இல்லை, கொலைவெறியும் இல்லை. கவனமின்மையோடு செய்த செயலால் உயிருக்கு ஊறு நேர்ந்தால் அது இம்சை. அந்தக் கவனமின்மைக்கு அவர்கள் வைத்த பெயர் பிரமாதம். இன்று தமிழில் பாராட்டுச் சொல்லாகப் புழங்கும் அதே சொல். பின்வந்த அமிர்தசந்திரர் இன்னும் ஒரு படி போனார். கவனமாக நடக்கிறவர் காலடியில் ஓர் உயிர் போனாலும் அவர் இம்சை செய்தவர் அல்லர். கவனமில்லாமல் நடக்கிறவர் காலடியில் எதுவும் சாகாவிட்டாலும் அவர் இம்சை செய்தவரே.

கட்டுமானத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான அறநெறி கிடைப்பது கடினம். நோக்கத்தை மட்டும் பார்த்தால் எல்லோரும் நல்லவர்கள். விளைவை மட்டும் பார்த்தால் நூறாண்டில் ஒருமுறை வரும் மழைக்கும் ஒருவரைத் தூக்கில் போட வேண்டியிருக்கும். மனை மட்டத்தை அளந்தாயா, தண்ணீர் முன்பு எந்த மூலையில் வெளியேறியது என்று பார்த்தாயா, பழைய வரத்துக்கால் எது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாயா என்பதுதான் சமணம் கேட்கும் கேள்வி. கேட்கவில்லை என்றால், தண்ணீர் யார் வீட்டுக்குள்ளும் புகாத ஆண்டிலும் தவறு தவறுதான்.

இங்கே ஒரு பழைய சென்னை மாகாண வழக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு முன், அது பிடித்துக்கொண்ட ஆங்கில விதி. 1868இல் பிரபுக்கள் அவை ஒரு புகழ்பெற்ற தீர்ப்பு அளித்தது. லங்காஷயரில் ஓர் ஆலை முதலாளி தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் பழைய சுரங்கத் துளைகள் இருந்தன என்பது அவருக்குத் தெரியாது. தண்ணீர் அவற்றின் வழியே இறங்கிப் பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. தெரியாது என்பது எடுபடவில்லை. தப்பினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் சேர்த்துவைப்பவர் அது தப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தப்பினால் ஈடு தர வேண்டும் என்றது தீர்ப்பு.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டு சென்னை ரயில்வே நிறுவனம் கார்வேட்டிநகர ஜமீன்தார்மேல் வழக்குத் தொடுத்தது. அன்று அந்த ஊர் சென்னை மாகாணத்தின் வட ஆற்காட்டில் இருந்தது, இன்று ஆந்திரத்தில். ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. லண்டன் பிரிவி கவுன்சில் 1874இல் ஜமீன்தாரை விடுவித்தது. காரணம் கவனிக்கத்தக்கது. இந்தப் பகுதியில் ஏரி என்பது ஒருவர் தன் லாபத்துக்காக வெட்டிக்கொண்ட குட்டை அல்ல. தொன்றுதொட்டு மக்கள் பிழைத்திருப்பதே ஏரிகளால்தான். அவற்றைக் காத்துவரும் கடமை ஜமீன்தாருக்கு உண்டு, நினைத்தால் தூர்த்துவிடும் உரிமை அவருக்கு இல்லை. அவர் உரிய கவனத்தோடும் இருந்தார். ஆகவே லங்காஷயர் விதி அவர்மேல் பாயாது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று துலங்குகிறது. தண்ணீரைத் தேக்கியவர்கள் இருவரும். ஒருவர் தனக்காகத் தேக்கினார், இன்னொருவர் ஊருக்காகத் தேக்கினார். ஊருக்காகத் தேக்கியவரை, கரை உடைந்த பிறகும் நீதி மன்னித்தது. இன்றைய கடைவளாகம் தனக்காகவும் தேக்குவதில்லை, ஊருக்காகவும் தேக்குவதில்லை. விழுந்த நிமிடமே தண்ணீரை மதிலுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. அதை மன்னிக்க எந்த மரபில் இடம் தேடுவது?

நம் மரபோ தண்ணீரைத் தேக்கிவைத்த மரபு. உத்தரமேரூர்ச் சபை, சோழன் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளின்படி, ஏரி வாரியம் என்று தனிக் குழுவே வைத்திருந்தது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அடுத்தது. தென்சென்னையில் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகள் இப்படிச் சங்கிலியாக இறங்கிப் பள்ளிக்கரணைக் கழுவெளி என்ற சதுப்பில் சேர்ந்தன. கழுவெளி அதைப் பொறுமையாக வைத்திருந்து ஒக்கியம் மடுவு வழியே, பக்கிங்ஹாம் கால்வாய் தொட்டு, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கு விட்டது. கோயில்களும் இதே பாடத்தைப் படித்திருந்தன. கல் பாவிய பிரகாரத்தைப் போல் தண்ணீர் குடிக்காத தரை வேறில்லை. ஆனால் பல கோயில்களில் கூரையிலும் பிரகாரத்திலும் விழுந்த மழையைக் கால் வெட்டித் தன் குளத்துக்கே கொண்டுபோனார்கள். தரையை மூடியவர் பக்கத்திலேயே ஒரு பள்ளத்தையும் திறந்துவைத்தார்.

அனுமதிக்கு வருவோம். அப்ரூவல் இருக்கிறது என்பது சட்டத்தின் முன் வலுவான பதில். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழகம் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அது பெருமைக்குரிய செயல். வெள்ள அபாயமுள்ள இடங்களில் பெரிய கட்டடம் கட்ட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அந்தச் சான்றில், மனையை இவ்வளவு உயரத்துக்கு நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனை வருவது வழக்கம். நிபந்தனை நல்லெண்ணத்தில் போடப்படுவது. புதிதாக வருகிறவர்கள் மூழ்கக்கூடாதல்லவா. ஆனால் மேடாக்கிய மனையிலிருந்து இடம்பெயர்ந்த தண்ணீர் எங்கே நிற்கும்? உள்ளே வடிகால் போடு, தொட்டி கட்டு என்ற நிபந்தனைகளும் கூடவே வரும். மேடாக்கும் நிபந்தனை முதல் மாதமே நிறைவேறுகிறது, மற்றவை தாளிலேயே தங்கிவிடுகின்றன என்பதுதான் பக்கத்துத் தெருக்காரர்களின் வருத்தம்.

யூதர்களின் தல்மூது இந்த இடத்தில் வியக்கத்தக்க தெளிவோடு பேசுகிறது. வீட்டுச் சாக்கடையைத் தெருவில் திறந்துவிடக் கோடையில் அனுமதி இல்லை, மழைக்காலத்தில் அனுமதி உண்டு. ஆனால் அனுமதி உள்ள காலத்திலேயே அந்தத் தண்ணீரால் ஒருவருக்குச் சேதம் வந்தால், திறந்துவிட்டவர் ஈடு தர வேண்டும். செய்யலாம் என்பதும், செய்ததற்குப் பொறுப்பில்லை என்பதும் வேறுவேறு. நபிகள் நாயகத்தின் பெயரால் வழங்கும் ஒரு சிறு நெறி, தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்கிறது. இஸ்லாமிய நகரங்களில் சுவர், சன்னல், சாக்கடைத் தகராறுகள் பலவற்றை நீதிபதிகள் தீர்த்தது அதை வைத்துத்தான். அர்த்தசாஸ்திரமும் வீட்டுக்காரர் தன் தண்ணீர் போகும் வழியை அண்டை வீட்டிலிருந்து தள்ளி, சரிவாக அமைக்க வேண்டும் என்று அளவு சொல்லி, மீறினால் 54 பணம் அபராதம் விதித்தது. வேறுவேறு தெய்வங்களை வணங்கியவர்கள் வாய்க்கால் விஷயத்தில் ஒரே பக்கம் நின்றிருக்கிறார்கள்.

எல்லோரும் அப்படி நின்றார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், தரையில் ஓடும் மழைத்தண்ணீர் எல்லோருக்கும் பொது எதிரி, அவரவர் நிலத்திலிருந்து எப்படி வேண்டுமானாலும் விரட்டலாம் என்ற கொள்கை நின்றது. வளரும் நாட்டுக்கு அது வசதியாக இருந்தது. 1956இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தபோது அங்கே அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. ஒரு நிறுவனம் 42 ஏக்கரில் 186 வீடுகளைக் கட்டி, மழைத்தண்ணீரைக் குழாய் வழியே ஒரு சிற்றோடையில் விட்டிருந்தது. கீழே குடியிருந்தவர்களின் நிலத்தைக் கூடுதல் வெள்ளம் அரித்துத் தின்றது. தீர்ப்பை எழுதியவர் வில்லியம் பிரென்னன். அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். காலி நிலங்கள் வீடுகளாக மாறுவது சமூகத்துக்கு நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டே அவர் வாதத்தைத் திருப்பினார். அந்த நன்மைக்கான செலவை, லாபம் பார்க்கிறவர் ஏற்காமல் பக்கத்தில் இருப்பவர்கள் ஏற்க வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்?

வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைத்தெரு வந்தால் பக்கத்துக் குடியிருப்புக்கும் வசதி. வேலை வரும், விளக்கு வரும். சிக்கல், விலையை யார் கொடுப்பது என்பதில். நீர் தாங்கும் தொட்டி கட்டாமல் மிச்சம்பிடித்த பணம் எங்கும் மறைந்துபோவதில்லை. பக்கத்து வீட்டில் நனைந்த மெத்தை, பழுதான ஃபிரிட்ஜ், ஊறிப்போன பள்ளிப் புத்தகம், வேலைக்குப் போகாத நாலு நாள் கூலி என்று இடம் மாறிவிடுகிறது.

மூன்றாவது பதில், இந்த ஒரு கட்டடத்தாலா என்பது, மூன்றிலும் கடினமானது. உண்மையிலேயே ஒரு கட்டடத்தால் இல்லை. குவியலிலிருந்து ஒரு மணலை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கும்; அடுத்ததை எடுத்தாலும் இருக்கும்; எந்த மணலோடு குவியல் மறைந்தது என்று கிரேக்கர்கள் குழம்பினார்களே, அதே புதிர். 1960களில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கரணை, சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. குப்பைமேடு, சாலை, அரசுக் கட்டடம், தனியார் வளாகம், வீட்டுமனை எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 2022இல் அது ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மிஞ்சியதைக் காக்க ஒரு வேலி கிடைத்தது. ஆனால் எந்த மனையோடு சதுப்பு செத்தது என்று யாராலும் விரல் நீட்ட முடியாது.

குவியல் புதிரில் விடை தேட வேண்டியது கடைசி மணலிடம் இல்லை, ஒவ்வொரு மணலிடமும்தான். அதை நடைமுறையில் காட்டிய இடம் சிங்கப்பூர். 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலைக் கடைவளாகங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்நாட்டின் மிகப் பெருமைமிக்க வணிக வீதி அது. அரசு கால்வாயை மட்டும் அகலப்படுத்தி நிறுத்தவில்லை. தாவரவியல் பூங்காவை ஒட்டி 38,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தேக்கத் தொட்டி கட்டியது. அதோடு, 2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கர் அல்லது அதற்கு மேல் அளவுள்ள மனையில் புதிதாகக் கட்டுகிறவர்களும் தங்கள் மனையிலிருந்து வெளியேறும் தண்ணீரின் உச்ச வேகத்துக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று விதித்தது. வரம்பு எளிமையானது: மனை முழுக்க கான்கிரீட்டாக இருந்தாலும், பாதிக்குச் சற்று மேல்தான் மூடியிருக்கிறது என்பது போல் அது நடந்துகொள்ள வேண்டும். மீதியைக் கூரைத் தோட்டமோ, அடித்தளத் தொட்டியோ, மழைத்தோட்டமோ தாங்கிப் பிடித்து மெல்ல விட வேண்டும். உன் ஒரு மனையால் ஊர் மூழ்கியதா என்ற விசாரணையே அங்கே எழவில்லை. உன் பங்கு இவ்வளவு, அதை நீ தாங்கு.

தென்சென்னையில் இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பகுதியில் உறிஞ்சுகுழி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வேளச்சேரி, பள்ளிக்கரணைக் களிமண்ணில் கார்த்திகையில் நிலத்தடி நீரே கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அங்கே உறிஞ்சுகுழி நிரம்பி நின்று வேடிக்கை பார்க்கும். அங்கே தேவை தேக்கிவைக்கும் சம்ப். மழை ஓய்ந்து, தெருக் கால்வாய் இறங்கிய பிறகு மெல்லத் திறந்துவிடும் சிறு துவாரம். முன்சொன்ன ஓர் ஏக்கர் மனைக்கு 280 கன மீட்டர் கொள்ளும் தொட்டி. இரண்டு மீட்டர் ஆழத்தில், பத்து மீட்டருக்குப் பதினான்கு. வண்டி நிறுத்துமிடத்தின் அடியில் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். பழைய ஏரியின் கலங்கல் செய்ததும் இதைத்தான்.

பள்ளத்து வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு; பிரெஞ்சுச் சட்டம் சொன்ன மறுபாதி அது. தன் வீட்டு முன்னால் கால்வாய்மேல் சரிவுப் பலகை போட்டு அடைத்தவர், வரத்துக்கால் ஓரம் கழிவறை கட்டியவர், குப்பையைக் கால்வாயில் கொட்டுகிறவர் எல்லோரும் காலிக்ளிஸின் உறவினர்கள்தான். ஆனால் இரு பக்கத் தவறையும் சம எடையாகத் தராசில் வைப்பது நியாயமாகாது. ஒருவரிடம் அரை சென்ட் நிலமும் ஒரு துடைப்பமும் இருக்கின்றன. இன்னொருவரிடம் பொறியாளர், கட்டட வரைஞர், வங்கிக் கடன், மண் அள்ளும் எந்திரம் எல்லாம் இருக்கின்றன. அமிர்தசந்திரர் கேட்ட கவனம், செய்யும் சக்தி கூடக்கூட அதிகமாக வேண்டும்.

அந்தக் கவனத்துக்குப் பெரிய கருவியும் தேவையில்லை. தளம் போடுமுன் மட்டம் பார்க்க மேஸ்திரிகள் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. உள்ளே தண்ணீர் நிரப்பி இரு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். டியூப் லெவல் என்பார்கள். வழக்கமாக அதன் இரு முனையும் மதிலுக்கு உள்ளேயே இருக்கும், இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு. பத்து மீட்டர் குழாய்க்கு மதிலைத் தாண்டுவது ஒரு சிரமமே இல்லை. ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள், ஒரு முனையைப் புதுத் தளத்தில் வைத்துக்கொண்டு மேஸ்திரி நிற்க, மறுமுனையைச் சித்தாள் எடுத்துப் போய் பக்கத்து வீட்டு வாசற்படியில் வைத்துப் பிடித்தால், அந்த வீட்டுக்காரப் பெரியம்மாவும் குனிந்து பார்ப்பார், குழாயில் தண்ணீர் வாசற்படிக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று.